படர்தாமரைப் பூஞ்சை: ஆய்வகச் சோதனைகள்

படர்தாமரைக்கான முதல் சோதனை மிக எளியது. தோலில் படரும் வட்டத்தின் சிவந்த ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவார்கள். தோல் செல்கள் கரைந்து தெளிய, நுண்ணோக்கியில் கணுக்கணுவாகக் கிளைத்த பூஞ்சை இழைகள் தென்படும். வட்டத்தின் நடுவே சுரண்டினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

எந்த இனம் என்றறிய, சபோரோ அகார் எனும் வளர்ப்பு ஊடகத்தில் இரண்டு முதல் நான்கு வாரம் வளர்க்க வேண்டும்.

இந்தியாவில் அதுவும் போதவில்லை. டெர்பினாஃபைன் மருந்துக்கு அடங்காத 'டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே' 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்களால் தனி இனமாக விவரிக்கப்பட்டது. மாதிரிகள் கிடைத்தது இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து. பெயரிலேயே இந்தியா ஒட்டிக்கொண்டது! வளர்ப்புத் தட்டில் இது தன் உறவினமான மென்டாக்ரோஃபைட்டிஸைப் போலவே இருப்பதால், ஐடிஎஸ் எனும் மரபணுப் பகுதியின் வரிசையைப் படித்தே பிரித்தறிகிறார்கள்.

சோதனைக்குமுன் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு பூசியிருந்தால், மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முடிவு பிழையாகலாம்.