விறகும் சட்டமும்: றைன்லாந்தின் சுள்ளி பொறுக்குவோர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1836ஆம் ஆண்டிலே பிரசிய இராச்சியத்தில் தொடரப்பட்ட குற்ற வழக்குகள் ஏறத்தாழ 207,000 ஆகும். அவற்றுள் ஏறத்தாழ 150,000 வழக்குகள் விறகுத் திருட்டும் அதனையொத்த காட்டுக் குற்றங்களும் பற்றியனவாக இருந்தன. நான்கு வழக்குகளுள் ஏறத்தாழ மூன்று காட்டிலிருந்து வந்தன என்பது எவரையும் சிந்திக்கத் தூண்டும். ஒரு நாட்டின் ஏழைக் குடியானவர் இத்துணைப் பெருந்தொகையில் ஒரே காலத்திலே தீயொழுக்கத்தில் வீழ்ந்தனர் எனக் கொள்வதற்கில்லை. அவர்கள் செய்தது அவர்தம் பாட்டன்மாரும் செய்துவந்த செயலே. வீழ்ந்து கிடந்த சுள்ளியைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு சென்று குளிர் காய்ந்தனர். அச்செயல் எவ்வாறு குற்றமாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விறகு தேடும் உழைப்பு

மத்திய ஐரோப்பாவின் மாரிகாலத்தில் விறகு சமையலுக்கு மட்டும் வேண்டப்பட்ட பொருளன்று. உறைபனி நிலவும் மாதங்களிலே வீட்டின் கணப்படுப்பு அணைந்தால் குழந்தைகளும் முதியோரும் உயிர் தப்புதல் அரிதாகும். எனவே விறகு சேகரித்தல் ஆண்டு முழுவதற்கும் உரிய தொழிலாயிருந்தது. வெட்டிய பச்சை மரத்தின் நிறையிலே ஏறத்தாழ அரைப்பங்கு நீராகும். அதனை அறுத்து, ஆப்பு வைத்துக் கோடரியாற் பிளந்து, காற்றோட்டமான இடத்தில் அடுக்கி, ஓராண்டு அல்லது ஈராண்டு உலரவிட்ட பின்னரே அது நன்கு எரியும். இவ்வாறு செய்வதற்கு மரம் வாங்கப் பணமும், ஏற்றிவர வண்டியும், அடுக்கிவைக்க இடமும், காத்திருக்க வசதியும் வேண்டும். பிரசியாவிலே விறகு 'கிளாப்டர்' என்னும் அளவையால் விற்கப்பட்டது. ஒரு கிளாப்டர் 108 கன அடி, அதாவது ஏறத்தாழ 3.3 கன மீற்றர் கொண்டது. நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அதனை மொத்தமாக வாங்குதல் எளிதன்று.

இந்நிலையிலே மரத்திலிருந்து தானே உலர்ந்து வீழ்ந்த கிளை ஏழைக்குக் கிடைத்த பெரும்பேறாகும். அதனைப் பிளக்கவும் வேண்டியதில்லை, உலர்த்தவும் வேண்டியதில்லை. அன்று பொறுக்கியதை அன்றிரவே எரிக்கலாம். பெண்களும் சிறுவரும் அதனைக் கட்டாகக் கட்டி முதுகிலே சுமந்து வந்தனர். இவ்வுரிமை வரையறையற்றதாகவும் இருக்கவில்லை. குறித்த நாட்களில் மட்டுமே காட்டுக்குட் புகலாம், கோடரியோ வாளோ கொண்டு செல்லலாகாது, கையால் முறிக்கக் கூடியதையே எடுக்கலாம் என்றவாறு பல ஊர்களில் விதிகள் வழங்கின. காட்டைக் காப்பதற்கான கட்டுப்பாடு ஊர் வழமையினுள்ளேயே அமைந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

வழமையும் சாசனமும்

இத்தகைய உரிமை ஐரோப்பாவின் பல பாகங்களிலே நிலவியது. அதன் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் சில இங்கிலாந்திலே உள்ளன. 1066ஆம் ஆண்டின் நோர்மானிய வெற்றிக்குப் பின்னர் பரந்த நிலப்பகுதிகள் அரச வேட்டைக் காடுகளாக்கப்பட்டன. அங்கு மானைக் கொன்றவர் உயிரையோ உறுப்பையோ இழக்க நேர்ந்தது. 1217 நவம்பரில், சிறுவனான மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளியிடப்பட்ட காட்டுச் சாசனம் அத்தண்டனையை ஒழித்து, சுதந்திர மாந்தர் காட்டிலே கொண்டிருந்த வழமையுரிமைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டிலே மீள வெளியிடப்பட்ட மகா சாசனம், கைம்பெண்ணொருத்தி பொதுநிலத்திலிருந்து தனக்கு வேண்டிய அளவு வாழ்க்கைத் தேவைகளைப் பெறலாம் என விதித்தது. விறகு அத்தேவைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. காட்டுச் சாசனம் 1971ஆம் ஆண்டு வரை சட்டமாக நிலைத்தது.

ஜேர்மன் நிலப்பகுதிகளில் நாடு முழுவதற்கும் பொதுவான இத்தகைய சாசனம் இருக்கவில்லை. உரிமை ஊர் வழமையாகவே வாழ்ந்தது. சிலவிடங்களில் மட்டும் ஊர் வழமைப் பதிவுகளிலே எழுதப்பட்டது. நிலப்பிரபுக்கள் அதனைப் பறிக்க முயன்றபோது குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். 1525 மார்ச்சிலே மெம்மிங்கன் நகரில் உருவாக்கப்பட்ட குடியானவரின் பன்னிரு கோரிக்கைகளுள் ஐந்தாவது விறகு பற்றியதே. பிரபுக்கள் தமதாக்கிக்கொண்ட காடுகளுள் விலை கொடுத்து வாங்கப்படாதவை ஊருக்கு மீளவேண்டும் என்றும், அவற்றிலிருந்து ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு வேண்டிய விறகை எடுக்க இடமளிக்க வேண்டும் என்றும் அது கோரியது. அவ்வாண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. கேள்வி மட்டும் தீராது நின்றது.

சுள்ளி சரக்காகிய காலம்

றைன்லாந்து 1794 முதல் பிரெஞ்சுப் படைகளின் ஆட்சிக்குட்பட்டு, பின்னர் பிரான்சுடன் இணைக்கப்பட்டது. அவ்வாட்சி நிலமானிய இறைகளை ஒழித்துக் குடியானவனைச் சட்டத்தின் முன் சுதந்திர மனிதனாக்கியது. திருச்சபை நிலங்கள் அரசுடைமையாகிப் பெருமளவு தனியாருக்கு விற்கப்பட்டன. 1804ஆம் ஆண்டின் குடியியற் சட்டக்கோவை சொத்துரிமையை முழுமையானதாகவும் தனியொருவருக்குரியதாகவும் வகுத்தது. உடைமையாளரும் ஊராரும் ஒரே காட்டிலே வெவ்வேறு உரிமைகளைக் கொண்டிருந்த பழைய ஏற்பாட்டிற்கு இக்கோட்பாட்டினுள் இடம் அரிதாயிற்று. இவ்வாறு, குடியானவனின் கால்விலங்கை அறுத்த சட்டமே அவனது சுள்ளிக் கட்டையும் ஐயத்துக்குரியதாக்கியது. 1815இல் இப்பிரதேசம் பிரசியாவின் கைக்கு மாறியது. இப்புதிய சொத்துறவு மாறவில்லை.

இதே காலத்தில் மரத்தின் விலை உயர்ந்தது. மக்கட்டொகை பெருகியது. இரும்பு உருக்கும் தொழில் மரக்கரியை வேண்டியது. கட்டடங்களும் கப்பல்களும் பின்னர் புகையிரதப் பாதைகளும் மரத்தை வேண்டின. ஏற்கெனவே 1713இல் சக்சனியிலே கார்லோவிற்ஸ் என்பார், சுரங்கத் தொழிலுக்கு மரம் குன்றுவதைக் கண்டு, வளர்ச்சிக்கு மேற்படாது வெட்டவேண்டும் எனத் தம் நூலிலே வற்புறுத்தியிருந்தார். கயோர்க் லுட்விக் ஹார்ட்டிக் முதலானோர் வளர்த்த வனவியல், காட்டை அளந்து, கணக்கிட்டு, ஆண்டுதோறும் வருமானம் தரும் மூலதனமாக நோக்கியது. கணக்கேட்டிலே வீழ்ந்த கிளைக்கும் ஒரு விலை உண்டு.

வனவியலாளரின் வாதத்தை வெறும் சுயநலமென ஒதுக்குதல் நேர்மையாகாது. ஆண்டுதோறும் சருகும் சுள்ளியும் முற்றாக அள்ளப்பட்ட காடுகளிலே மண் வளங்குன்றியது உண்மை. உலர்ந்த கிளை என்ற பெயரிலே பச்சை மரத்தை வெட்டியோரும் இருந்தனர். ஆயினும் காட்டைப் பெருமளவில் விழுங்கியவை உலைகளும் சந்தையுமாக இருக்க, பாதுகாப்பின் சுமை முதுகிலே கட்டுச் சுமந்தோர் மீதே பெரிதும் ஏற்றப்பட்டது என்பதையும் மறைத்தலாகாது.

1841ஆம் ஆண்டின் விவாதம்

1841ஆம் ஆண்டு மே முதல் யூலை வரை டூசல்டோர்ப் நகரிலே றைன் மாகாணத்தின் ஆறாவது மாகாண மன்றம் கூடியது. நிலவுடைமையே அதில் இடம்பெறுவதற்கான அடிப்படைத் தகுதியாயிருந்தது. அதன் முன்னர் விறகுத் திருட்டுச் சட்டமூலம் வைக்கப்பட்டது. வீழ்ந்த கிளையைப் பொறுக்குதலும் நிற்கும் மரத்தை வெட்டுதலும் வேறு என்றும், இரண்டையும் திருட்டு என்னும் ஒரே சொல்லாற் குறித்தல் கூடாது என்றும் சிலர் வாதிட்டனர். திருடனல்லாதவனைத் திருடன் எனச் சட்டம் அழைப்பின் அவனை உண்மைத் திருட்டுக்கே அது இட்டுச்செல்லும் என நகர வகுப்பின் பிரதிநிதி ஒருவர் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை. காட்டுடைமையாளரின் ஊதியம் பெறும் காவலரே இழப்பின் பெறுமதியை மதிப்பிடவும், குற்றப்பணம் அரசுக்கன்றி உடைமையாளருக்கே சேரவும், பணம் செலுத்த இயலாதவர் அவருக்கு உடலுழைப்பால் ஈடு செய்யவும் வகைகள் ஆராயப்பட்டன.

இவ்விவாதத்தை 1842 ஒக்ரோபர் 25 முதல் நவம்பர் 3 வரை கொலோன் நகரப் பத்திரிகையான 'றைனிஷே சைற்றுங்'கிலே ஓர் இளைஞர் தொடராக ஆராய்ந்தார். அவர் இருபத்து நான்கு வயதினரான கார்ல் மார்க்ஸ். தனியாரின் நலன் அரசின் அங்கங்களைத் தன் ஏவலாளராக்கிவிட்டது என்பது அவர் காட்டிய முடிபாகும். காட்டுடைமையாளர் குற்றத்தால் இழப்படைவதற்கு மாறாக அதிலிருந்து வருவாய் பெறுகின்றார் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அப்பத்திரிகை 1843இலே தடைசெய்யப்பட்டது. 1859இல் வெளியான தமது பொருளியல் நூலின் முன்னுரையில், பொருளாதார வினாக்களின்பால் தம்மை முதன்முதல் திருப்பிய விடயங்களுள் இவ்விறகு விவாதமும் ஒன்று என அவர் குறிப்பிட்டார். தத்துவமும் சட்டமும் பயின்ற ஒருவரைப் பொருளியலுக்கு அழைத்துச் சென்ற தூண்டுதல்களுள் ஏழையின் சுள்ளிக் கட்டும் ஒன்றாயிற்று.

பின்விளைவுகள்

1848 மார்ச்சுக் கிளர்ச்சியின்போது தென்மேற்கு ஜேர்மன் நாடுகளிலே குடியானவர் பிரபுக்களின் அலுவலகங்களுட் புகுந்து ஏடுகளை எரித்தனர். காடுகளுட் புகுந்து மரம் வெட்டினர். கிளர்ச்சி அடங்கியபின் 1852 யூன் 2ஆம் திகதி பிரசியா முழு நாட்டுக்குமான புதிய விறகுத் திருட்டுச் சட்டமொன்றை இயற்றியது. எனினும் விறகு வழக்குகளின் வேகத்தைக் காலப்போக்கிலே தணித்தது சட்டத்தின் கடுமையைவிட நிலக்கரியே எனலாம். புகையிரதம் றூர் பிரதேச நிலக்கரியை வீடுகளுக்கு அண்மையிற் கொணர்ந்தபோது காட்டின் மீதான நெருக்கடி குறைந்தது. சுள்ளி அதன் விலையை இழந்தது, குற்றமும் அருகியது.

இவ்வரலாறு முற்றாக முடிந்துவிட்டது எனக் கூறுவதற்குமில்லை. 2022இல் இரசியா உக்ரேன்மீது படையெடுத்ததைத் தொடர்ந்து எரிவாயு விலை ஏறியபோது ஜேர்மனியில் விறகுக்கான கேள்வி பெருகியது. காடுகளில் அடுக்கிவைக்கப்பட்ட மரம் களவு போவதாகச் செய்திகள் வந்தன. வனத்துறையினர் சிலர் மரக்கட்டைகளுக்குள் இடங்காட்டும் கருவிகளைப் பொருத்தினர். எரிபொருள் அரிதாகும்போதெல்லாம் காட்டின் எல்லையிலே மனிதனும் காவலனும் மீண்டும் எதிரெதிரே நிற்கின்றனர்.

ஒரு செயல் குற்றமாவதும் உரிமையாவதும் அச்செயலின் இயல்பை மட்டும் பொறுத்ததன்று. அது தொடும் பொருளின் விலையும், சட்டம் இயற்றும் மன்றத்தில் அமர்ந்திருப்போர் யாவர் என்பதும் அதனைத் தீர்மானிக்கின்றன. றைன்லாந்தின் மன்றத்திலே காட்டுடைமையாளருக்கு ஆசனம் இருந்தது. சுள்ளிக் கட்டுச் சுமந்து வந்த பெண்ணுக்கு அங்கு ஆசனம் இருக்கவில்லை. அவளுக்கு நீதிமன்றத்திலே மட்டும் இடமிருந்தது. அதுவும் குற்றவாளிக் கூண்டில்.