மணி அடித்த பிறகு பிறந்த மொழி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிவேலை கற்பிக்கப் பள்ளிக்கூடம் எதுவும் இருந்ததில்லை. கோர்வைச் சேலை நெய்யும் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளிக்கொடுத்த பிள்ளை, சில வருஷத்தில் தானே தறிக்குழியில் இறங்கியது. பாவு, ஊடை, விழுது, பண்ணை என்ற சொற்களும் அப்படித்தான் காதில் விழுந்து நாக்கில் ஏறின. தொழிலும் தாய்மொழியும் ஒரே வாசல் வழியாக வந்த ஊர் இது.

காது கேளாத குழந்தைக்கு அந்த வாசல் சாத்தியிருக்கிறது. அத்தகைய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்த வீடுகளில் பாசத்துக்குக் குறைவில்லை. சாப்பிடு, வா, தூங்கு என்று சொல்லச் சில சாடைகளும் இருக்கும். ‘நேற்று ஏன் அழுதாய்?’ என்று கேட்க வழி இருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய மொழி, பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி விடுதியில் ஓர் அண்ணனோ அக்காவோ கையசைத்தபோதுதான் கிடைத்தது. செப்டம்பர் 23, உலக சைகை மொழிகள் நாளை ஒட்டி வரும் இந்த மலரில் தமிழ்நாட்டுக் காது கேளாதோர் பள்ளிகளின் கதையை எழுத உட்கார்ந்தால், அது அந்த மொழியின் கதையாகவும் ஆகிவிடுகிறது.

பாளையங்கோட்டையில் தொடக்கம்

இந்தியாவில் காது கேளாதோர் கல்வி பம்பாயில் 1880களின் நடுவில் தொடங்கியது. கல்கத்தாப் பள்ளி 1893இல் வந்தது. தெற்கே அதே பத்தாண்டில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் என்ற மிஷனரிப் பெண்மணி காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. 1910களில் சென்னை சாந்தோமில் அதன் வழியில் இன்னொரு பள்ளி எழுந்தது. 1926இல் லிட்டில் பிளவர் கான்வென்ட் வந்தது; பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் ஒரே வளாகத்தில் இடம் தந்தது. அரசுப் பள்ளிகள் பின்னால் வந்தன. நம் ஊர்ச் சதாவரத்தில் உள்ள செவித்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி அந்த வரிசையைச் சேர்ந்தது.

முதற்பள்ளிகள் தொடங்கிய காலம் நல்ல காலமல்ல. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கென ஒரு மாநாடு கூடியது. வந்திருந்த 164 பிரதிநிதிகளில் காது கேளாதவர் ஒரே ஒருவர். கையை விட்டுவிட்டு வாயாலேயே கற்பிக்க வேண்டும் என்று அங்கே தீர்மானமானது. குழந்தை ஆசிரியரின் உதட்டைப் பார்க்க வேண்டும். தொண்டையில் கை வைத்து அதிர்வை உணர வேண்டும். ஒலியைத் தானும் எழுப்பப் பழக வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகெங்கும் விழுந்தது. சைகை செய்த குழந்தையின் கையைக் கட்டிவைத்த பள்ளிகளும் பல நாடுகளில் இருந்தன. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசைதான் மிலான் முடிவுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போயிருந்தன.

வகுப்பில் வாய், விடுதியில் கை

அந்த 130 ஆண்டும் மொழி எங்கே பிழைத்திருந்தது? பதில் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. மாலை மணி அடித்து ஆசிரியர் போன பிறகு, சாப்பாட்டுக் கூடத்திலும் மைதானத்திலும் விளக்கு அணைக்கும் முன் படுக்கை ஓரத்திலும் கைகள் பேசின. பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கதை சொன்னார்கள், பெயர் வைத்தார்கள், வம்பளந்தார்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு ஒரு தழும்போ சுருட்டை முடியோ சைகைப் பெயரானது. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது.

நிகராகுவாவில் இதை ஆய்வாளர்கள் கண்ணெதிரே கண்டார்கள். 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் மனாகுவா நகரப் பள்ளிகளில் முதன்முறையாக நூற்றுக்கணக்கான காது கேளாத குழந்தைகள் ஒன்றுசேர்ந்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்பித்தார்கள். குழந்தைகளோ மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் தங்களுக்குள் ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். 1986இல் அங்கு போன மொழியியலாளர் ஜூடி கெகல், சின்னக் குழந்தைகளின் கையில் மூத்தவர்களிடம் இல்லாத இலக்கணக் கட்டுக்கோப்பு இருந்ததைக் கவனித்தார். பிள்ளைகள் கூடினால் போதும், மொழி வரும். கூட ஓர் இடம்தான் வேண்டும்.

பேச்சு முறையைப் பழித்து இதைச் சொல்லவில்லை. 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, குழந்தையின் மிகச் சிறு வயதிலேயே செவிக் கருவி மாட்டி, எஞ்சிய கேள்திறனை வளர்த்து, தாயையும் வகுப்பில் உட்கார வைத்துப் பேச்சைக் கற்பிக்கிறது. சாத்திய வீட்டு வாசலைத் திறக்கும் முயற்சி அது. பல பிள்ளைகளுக்குத் திறந்தும் இருக்கிறது. ஆனால் கருவி பலன் தராத குழந்தைக்கும், கிராமத்தில் பத்து வயது வரை யார் கண்ணிலும் படாத குழந்தைக்கும் வேறு வாசல் ஒன்று இருந்தாக வேண்டும்.

ஆராய்ச்சி வந்த வழி

சைகை என்றால் நமக்கு மாட்டுச் சந்தை நினைவுக்கு வரும். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது குறியீடு, தொகை முடிந்தால் பேச்சும் முடிந்தது. அந்த விரல்களால் மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. காது கேளாதோர் கைமொழியால் முடியும். அது முழு மொழி என்று நிறுவும் வேலையை வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் வில்லியம் ஸ்டோக்கி தொடங்கிவைத்தார். கைவடிவம், கை நிற்கும் இடம், அசைவு என ஒவ்வொரு சைகையையும் பிரிக்கலாம் என்றும், ஒன்று மாறினால் பொருள் மாறும் என்றும் 1960இல் எழுதினார். கல், பல் என எழுத்து மாறிப் பொருள் மாறுவது போலத்தான் அதுவும்.

இந்தியச் சைகைகளை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி மதன் வசிஷ்டா. இமாசலத்துக் கிராமத்தில் பிறந்து, சிறுவயதில் காது கேட்காமல் போய், கல்லாடெட்டில் படித்தவர். அவரும் மொழியியலாளர் ஜேம்ஸ் உட்வர்டும் மற்றவர்களும் 1970களின் பிற்பகுதியில் தில்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் சைகைகளைத் திரட்டினார்கள். சொற்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தாலும் அடிப்படையில் ஒரே மொழி என்பது அவர்கள் முடிவு. அந்தப் பட்டியலில் சென்னை இல்லை. பின்னர் ஜெர்மானிய ஆய்வாளர் உல்ரிக்கே செஷான் இலக்கணத்தை விரிவாக எழுதினார். கோயம்புத்தூர் ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் 2001இல் இந்தியச் சைகை மொழி அகராதி ஒன்றை வெளியிட்டது.

தமிழ் வாசகருக்கு அந்த இலக்கணம் ரொம்ப அந்நியமாக இராது. கேள்விச் சொல் வாக்கியக் கடைசியில் வரும்: உன், பெயர், என்ன. இல்லை என்பதும் கடைசியில்தான். ஆனால் தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அல்ல இது. வேற்றுமை உருபின் வேலையை இங்கே வெற்றிடம் செய்கிறது. ‘கொடு’ என்ற சைகை என் பக்கமிருந்து உன் பக்கம் போனால் நான் கொடுத்தேன். திரும்பி வந்தால் நீ கொடுத்தாய். ஆணுக்கு மீசையைத் தடவுவதும், பெண்ணுக்கு மூக்குத்தி இடத்தைத் தொடுவதும் இந்த மண்ணின் கை என்று சொல்லாமல் சொல்கின்றன.

சட்டமும் சலுகையும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோரைச் செவித்திறன் குறையுடையோர் எனக் கணக்கிட்டது. 2015 செப்டம்பரில் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் தொடங்கியது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வெளிவந்து 2021இல் 10,000ஐத் தொட்டது. காது கேளாதவர்களே சைகை மொழி ஆசிரியர்களாக ஈராண்டுப் பட்டயப் படிப்பும் அங்கே உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல் தொடர்பு முறைகளில் ஒன்றாக ஏற்றது. 2021 ஜூலையில் அது பள்ளியில் படிக்கக்கூடிய மொழிப் பாடமாகவும் அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு கேட்கலாம். தேவையான சலுகைதான். ஆனாலும் உறுத்துகிறது: குழந்தைக்குக் கடினமான மொழி ஒன்றை எடுத்துவிட்டோம், அதன் சொந்த மொழியை அந்த இடத்தில் வைக்கவில்லை.

காஞ்சியிலிருந்து ஒரு வேண்டுகோள்

பல்லவர் காலத்தில் காஞ்சியின் கடிகை என்ற உயர்கல்விக்கூடத்துக்குக் கல்வி தேடி, பின்னாளில் கதம்ப அரசனான மயூரசர்மன் ஊர்விட்டு வந்தான் என்று தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. வீட்டில் கிடைக்காததைத் தேடிப் பிள்ளைகள் வந்துசேரும் ஊர் என்ற பெயர் இதற்குப் பழையது. இன்று நிலைமை திரும்புகிறது. அரசு காப்பீட்டில் உள்காதில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஒருங்கிணைந்த கல்வி வந்து, குழந்தைகள் பக்கத்துப் பள்ளிக்கே போகிறார்கள். இரண்டும் நல்லவையே. ஆனால் முப்பது பேர் வகுப்பில் ஒற்றையாக உட்காரும் காது கேளாத குழந்தைக்கு மாலை மணிக்குப் பிறகு யார் இருக்கிறார்கள்? கை பேசும் மூத்த பிள்ளையை அது எங்கே சந்திக்கும்? சிறப்புப் பள்ளிகளை எடைபோடும்போது தேர்ச்சி விழுக்காட்டோடு இந்தக் கணக்கையும் சேர்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் வாரம் ஒரு நாளாவது அங்கே வந்து கூடினால், பாதிக் குறை தீரும்.

அகராதியில் 10,000 சொற்கள் இருக்கலாம். கோர்வை, பெட்னி போன்ற நெசவு முறைகளுக்குச் சைகை வேண்டுமென்றால் நம் ஊர்க் கைகளைத்தான் கேட்க வேண்டும். ஒரு தறிவீட்டுத் திண்ணையில் காது கேளாத மூத்தவர்களையும் மாணவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒரு கேமராவும் வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கிவிடலாம். பெரியவர் கை காட்ட, சின்னவர் பார்த்துத் திருப்பிச் செய்வார். கரை நாடா தள்ளிக்கொடுத்த பிள்ளை தொழில் கற்றதும் அப்படித்தானே.