ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் மாளிகை

முன்னோர் புகழைப் பேசுதல் எளிது. அவர் வைத்துச் சென்ற பொருளைப் பேணுதல் அரிது. இவ்வுண்மையை நம் சங்கத்தார்க்கு உணர்த்தவல்லது புதுச்சேரியில் இன்றும் நின்று நிலவும் ஒரு வீடு. அஃது ஆயர் குலத்திற் பிறந்து, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தலைமைத் துபாஷியாய் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் மாளிகையாம்.

பிள்ளையவர்கள் 1709-இல் சென்னையைச் சார்ந்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரி சேர்ந்தமையால், மைந்தரும் ஆண்டே வளர்ந்து வாணிகத்தில் உயர்ந்தார். 'ஆனந்தப் புரவி' என்னும் கப்பலுக்கும் உரியவரானார். 1746-இல் கனகராய முதலியார் மறைந்தபின், கவர்னர் துய்ப்ளேயின் நம்பிக்கைக்குரியவராகித் தலைமைத் துபாஷிப் பதவி எய்தினார். 1756-இல் அப்பதவி நீங்கினார். 1761 ஜனவரியில் அவர் காலமான சின்னாளில் நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கோட்டையும் பெருங்கட்டடங்களும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. பிள்ளையவர்கள் மாளிகையோ தப்பி நின்றது.

1730-களில் எழுந்த இம்மாளிகை, நகரை இரு கூறாக்கும் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் வாழும் பகுதியில், பெரிய சந்தையை அடுத்துள்ளது. நம் கொங்குநாட்டுத் தொட்டிக்கட்டு வீடுகளைக் கண்டார்க்கு இதன் கீழ்நிலை புதிதாகத் தோன்றாது. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதனைத் தாங்குவன வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். நம் வீட்டு ஆசாரத்தில் நிற்பதுபோன்ற உணர்ச்சியே உண்டாம். மேன்மாடத்திலோ காட்சி வேறு. ஆண்டுள்ளவை செங்கல்லும் சுண்ணமும் கொண்டு ஐரோப்பியர் முறையிற் கட்டிய தூண்கள். கீழே தமிழகம், மேலே பிரான்சு! இரு மொழியாரிடை நின்று வாழ்ந்த துபாஷிக்கு இதனினும் பொருத்தமான இல்லம் வேறு யாது?

இனி, மாளிகையினும் பெரிய செல்வமொன்று உண்டு. 1736 செப்டம்பர் முதல் இறுதிக்காலம் வரை பிள்ளையவர்கள் தமிழில் எழுதிய நாட்குறிப்பே அது. விலைவாசி, கப்பல் வரவு, போர்ச்செய்தி, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட துயரம் ஆகிய யாவும் அதில் உள. மரபினர் அதனை எறியாது வைத்திருந்தமையாலன்றோ, 1846-இல் கல்லுவா-மொம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டு படியெடுக்க முடிந்தது! பின்னர் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. எனினும் இடையிடையே சில பகுதிகள் கிடைத்தில. போனவை போனவையே, அந்நாட்களின் செய்தியை அவர் வாயாற் கேட்க இனி வழியில்லை.

அன்பர்காள்! 'பிள்ளையவர்கள் நம்மவர்' என்று மேடையிற் கூறி மார்தட்டுதல் மட்டும் போதுமா? நம் ஊர்களில் நிகழ்வது யாது? பாகப்பிரிவினை முடிந்ததும் தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கின்றோம். மரத்தூண்களை விலை பேசுகின்றோம். அட்டாலியிற் கிடந்த ஓலைச்சுவடியையும் பழங்கணக்கையும் குப்பையோடு எரிக்கின்றோம். இத்தீயில் எத்தனை நாட்குறிப்புகள் வெந்தனவோ!

பழைய வீடு அனைத்தையும் காத்தல் இயலாதென்பதை நாமும் அறிவோம். குடும்பம் பெருகும், இடம் போதாது, ஓடு ஒழுகும். ஆயின் இடிக்குமுன் வீட்டின் அமைப்பை வரைந்து, நிழற்படம் எடுத்து வைத்தற்குத் தடை யாது? பெட்டியிலுள்ள பத்திரம், பட்டயம், கடிதம், கணக்கு ஆகியவற்றைப் பிரித்துப் பார்த்து, படிக்கத் தெரிந்தாரிடம் காட்டுதற்குத் தடை யாது? வீட்டு முதியோர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தலும் பிள்ளைகட்கு அரிய பயிற்சியன்றோ?

புதுச்சேரி செல்வோர் அம்மாளிகையை ஒருமுறை கண்டு வருக. திரும்பியபின், தத்தம் வீட்டு அட்டாலியையும் ஒருமுறை ஏறிப் பார்ப்பீர்களாக.