அவசரமும் முக்கியமும்

வாசுதேவநல்லூர் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். இப்பக்கத்துக் குளங்கள் வற்றத் தொடங்கியதும் மடையருகே எழும் வழக்கு நாம் அறிந்ததே. கத்தரிச் செடி இன்றே வாடிவிடும். பால் பிடிக்கும் நெல் இன்னும் ஒரு நாள் பொறுக்கும். ஆனால் அது பதராகிவிட்டால் அந்த வீட்டின் ஆண்டுச் சோறு போயிற்று. முந்தி வாடுவது எது என்பது ஒரு கேள்வி. இழக்கக் கூடாதது எது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் பிரித்தறியக் கணிப்பொறி இயலுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

விமானத்தை இயக்கும் கணிப்பொறியில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. கெடுவுக்குள்ளும் வந்தாக வேண்டும். 1973இல் லியூவும் லேலண்டும் ஒற்றைச் செயலிக்கு இலக்கணம் வகுத்தனர்: அடிக்கடி வரும் பணிக்கே முன்னுரிமை. பணிகள் எத்தனையானாலும், செயலியின் நேரத்தில் ஏறத்தாழ 69 விழுக்காட்டுக்குள் அவை அடங்கினால் கெடு தவறாது. அழகிய கணக்குத்தான். ஆனால் அதில் அவசரம் உண்டு, முக்கியம் இல்லை.

செயலிகளைக் கூட்டினால் சிக்கல் தீருமென்று தோன்றும். 1978இல் தாலும் லியூவும் அந்த நம்பிக்கையைக் கலைத்தனர். செயலிகள் இரண்டு, சிறுபணிகள் இரண்டு முந்திக்கொண்டு ஆளுக்கொன்றைப் பிடிக்கின்றன. கெடு முழுவதும் ஓட வேண்டிய பெரும்பணி கணநேரம் பிந்தித் தொடங்கிக் கெடுவைத் தவறவிடுகிறது. அதே வேளையில் மற்றொரு செயலி சும்மா கிடக்கிறது.

1980களில் இதற்கொரு வழி திறந்தவர்களுள் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற கிருத்தி ராமமிருதம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டான்கோவிச்சுடன் அவர் உருவாக்கிய 'ஸ்பிரிங்' அமைப்பு, பணிகளை மூன்றாக வகுத்தது. தவறினால் பேரழிவு தருவனவற்றுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட்டது. தேவையானவை வந்தபின், கெடுவுக்குள் முடியுமா என்று கணித்து உறுதி தரப்பட்டது. எஞ்சியவை இடம் கிடைத்தால் ஓடலாம். பல செயலிகளுள் ஒன்று, அட்டவணையிடும் வேலைக்கென்றே தனியாக நின்றது.

2007இல் ஸ்டீவ் வெஸ்டல் மேலும் ஒரு படி சென்றார். ஒரு பணி எவ்வளவு நேரம் எடுக்கும் என்ற மதிப்பீடே, நாம் வேண்டும் உறுதியைப் பொறுத்தது என்றார். உயிர் சார்ந்த இடத்தில் கணக்கு தாராளமாக இருக்க வேண்டும். பிற இடங்களில் சிக்கனம் போதும். சஞ்சய் பருவா, ஆலன் பர்ன்ஸ் முதலியோர் அதன்மேல் கட்டினர்: முக்கியப் பணியொன்று சிக்கனக் கணக்கை மீறினால், முக்கியம் குறைந்தவற்றைக் கைவிடலாம்.

கைவிடுதல் என்ற இச்சொல்லில்தான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. மடையருகே தீர்ப்புச் சொல்பவரின் முகம் தெரியும். அவரோடு வாதாடலாம், அவர் மனம் மாறவும் கூடும். கணிப்பொறியிலோ வறட்சி வருமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியவர் அந்நேரம் அங்கிருக்கப் போவதில்லை. அட்டவணையிடுவது பொறியாளரின் கலை. எதை இழக்கலாம் என்று வகுப்பதோ அவர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய காரியம் அன்று.