கைவிளக்கு மின்கலத்தின் கதை



மழை பெய்யும் இரவில் திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. அலமாரியில் பல மாதங்களாகக் கிடந்த டார்ச்லைட்டைத் தேடி எடுக்கிறோம். பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் வரவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தால், உள்ளே பேட்டரிகள் பொடி பூத்துக் குழாயோடு ஒட்டிக்கிடக்கின்றன. "மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார்" என்று கடைக்காரரை நொந்துகொள்கிறோம். ஆனால், இந்தக் கசிவுக்குக் காரணம் கடையில் இல்லை. அது நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதை அறிய, பேட்டரி என்று நாம் அழைக்கும் மின்கலத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா, துத்தநாக வில்லைகளையும் வெள்ளி வில்லைகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, அவற்றின் இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்தார். அடுக்கின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தபோது மின்சாரம் தொடர்ந்து ஓடியது. அதுவரை மனிதன் உண்டாக்கிய மின்சாரம் பொறியாகத் தோன்றி மறையும் ஒன்றாகவே இருந்தது. வெவ்வேறான இரு பொருள்கள், அவற்றுக்கு நடுவே ஒரு கரைசல் என்ற அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. விறகு எரிந்து வெப்பம் தருவதுபோல, இங்கே துத்தநாகம் கரைந்து மின்சாரம் தருகிறது. ஆகவே துத்தநாகமே மின்கலத்தின் எரிபொருள் எனலாம்.

வோல்டாவின் அடுக்கு விரைவில் சோர்ந்துவிடும். நீடித்து உழைக்கும் ஒன்றை 1866இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் லெக்லாஞ்சே அமைத்தார். ஒரு கண்ணாடி ஜாடியில் நவச்சாரக் கரைசல்; அதில் ஒருபுறம் துத்தநாகக் கோல்; மறுபுறம் மாங்கனீசு டையாக்சைடும் கரியும். இதன் அழுத்தம் ஏறத்தாழ 1.5 வோல்ட். தந்தி நிலையங்களிலும் அழைப்பு மணிகளிலும் இது நன்கு பயன்பட்டது. ஆனால், ஜாடி சாய்ந்தால் கரைசல் கொட்டிவிடும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க முடியுமா?

அந்தக் குறையை 1886இல் தீர்த்தவர் கார்ல் காஸ்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர். நவச்சாரக் கரைசலைப் பாரிஸ் சாந்துடன் குழைத்துப் பசையாக்கினார். கண்ணாடி ஜாடியை நீக்கிவிட்டுத் துத்தநாகத்தையே குவளையாக வடித்தார். இவ்வாறு உலர் மின்கலம் பிறந்தது. 1899இல் அமெரிக்காவில் டேவிட் மிசல் என்பவர் குழாய் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். மின் விளக்கை மனிதன் கையில் ஏந்தி நடக்கத் தொடங்கினான்.

நேயர்களே, நம்முடைய கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. காஸ்னரின் கலத்தில் எரிபொருளே பாத்திரமும் ஆகிவிட்டது. விறகாலேயே அடுப்பைக் கட்டியதைப் போன்ற ஏற்பாடு இது. மின்சாரம் கொடுக்கக் கொடுக்கக் குவளையின் சுவர் மெலிகிறது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் நவச்சாரம் அதை மெல்ல அரிக்கிறது. இறுதியில் சுவரில் துளை விழுந்து பசை வெளியேறுகிறது.

1955இல் லூயிஸ் அர்ரி என்ற கனடா நாட்டுப் பொறியாளர், இந்தக் கலத்தின் ஆயுளைக் கூட்டுவதற்காக அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். அவர் பழையதைச் செப்பனிடுவதை விட்டு, உள்ளதை வெளியாகவும் வெளியதை உள்ளாகவும் மாற்றினார். துத்தநாகத்தைத் தூளாக்கி நடுவில் வைத்தார். மாங்கனீசு டையாக்சைடு அதைச் சூழ்ந்து நின்றது. நவச்சாரத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். வெளிப்புறத்தில் எஃகுக் குவளை. உணவுக்கூடத் தரையில் இரண்டு பொம்மைக் கார்களை ஓடவிட்டுக் காட்டினாராம். பழைய கலத்தோடு ஓடிய கார் சிறிது தூரத்தில் நின்றுவிட, புதியதோ ஓடிக்கொண்டே இருந்தது. இதுவே ஆல்கலைன் மின்கலம்.

ஆனால், இதற்கும் ஒரு விலை உண்டு. துத்தநாகம் காரத்தில் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். வாயு பெருகினால் அடைப்பைத் தள்ளிக்கொண்டு காரம் கசியும். இதைத் தடுக்கப் பல ஆண்டுகள் பாதரசத்தைச் சேர்த்தார்கள். பாதரசம் எத்தகைய நஞ்சு என்பதை, ஆலைக் கழிவினால் துன்புற்ற ஜப்பானின் மினமாட்டா மக்கள் 1956 முதல் உலகுக்கு உணர்த்தினார்கள். 1990களில் ஆல்கலைன் கலங்களிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது. 2013இல் ஏற்பட்ட அனைத்துலக உடன்படிக்கை அவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மீண்டும் மின்னேற்றக்கூடிய கலங்களின் கதையும் இதே வழியில்தான் செல்கிறது. 1899இல் சுவீடனின் வால்டமர் யுங்னர் நிக்கல் காட்மியக் கலத்தைப் படைத்தார். அதன் காட்மியமும் நஞ்சு. பின்னர் வந்த நிக்கல் உலோக ஹைட்ரைடு அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது. 1991இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனிக் கலம், ஏறத்தாழ 3.6 வோல்ட் தருகிறது. ஆயினும் அதன் கரைசல் தீப்பற்றக்கூடியது.

ஆகவே, வேலைக்கேற்ற கலத்தைத் தேர்ந்தெடுப்போம். மிகக் குறைவாக மின்சாரம் உண்ணும் சுவர்க் கடிகாரத்துக்கு மலிவான கரிக்கலமே போதும். விளையாட்டுப் பொம்மைக்கு ஆல்கலைன் ஏற்றது. நாள்தோறும் உழைக்கும் கருவிக்கு மின்னேற்றும் கலம் சிக்கனம். பழையதையும் புதியதையும் கலந்து போடவேண்டாம். வலுவிழந்தது முதலில் கசியும். நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து கலங்களைக் கழற்றிவைப்போம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் பொத்தான் வடிவக் கலங்களைப் பூட்டிவைப்பது மிக மிக அவசியம். அதை விழுங்கிவிட்டால், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்து புண்ணாகக்கூடும். ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தீர்ந்துபோன கலம் வெறும் குப்பை அன்று. சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல், மின்கழிவுகளைத் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்றுத் திரட்டும் திட்டம் நடப்பில் உள்ளது. மின்கலங்களும் அதில் அடங்கும். எரிந்து முடிந்த அடுப்பின் சாம்பலை அள்ளி உரிய இடத்தில் கொட்டுவதும் சமைத்தவர் கடமை அல்லவா?