பதிவேட்டில் இடம் பெறாதவை: இங்கிலாந்துத் தலைமையாசிரியர்களும் பள்ளி ஆய்வும், 1840–2025

1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட கல்வி விதித்தொகுப்பு, அரசு மானியம் பெற்ற ஆங்கிலேயத் தொடக்கப் பள்ளிகளில் ‘லாக் புக்’ என்னும் நாட்பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. பள்ளி நிகழ்வுகளைத் தலைமையாசிரியர் அதில் மிகச் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். பொதுவான எண்ணங்களையோ கருத்துகளையோ எழுதக் கூடாது. ஆய்வாளர் அறிக்கையின் சுருக்கமும் அதே புத்தகத்தில் ஏறும். அதாவது, தலைமையாசிரியரைப் பற்றி ஆய்வாளர் கருத்துச் சொல்லலாம், தலைமையாசிரியர் பதிலுக்கு எதுவும் சொல்ல இடமில்லை. தலைமையாசிரியர் மனநலம் பற்றி இன்று நடக்கும் விவாதத்தை இந்த ஒருதலையான ஏற்பாட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

ஆய்வுமுறை பிறந்தபோது இப்படி இல்லை. முதல் இரண்டு ஆய்வாளர்கள் 1839இல் நியமிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு அரசின் கல்விக் குழுச் செயலாளர் ஜேம்ஸ் கே (பின்னாளில் கே-ஷட்டில்வொர்த்) அந்த ஆய்வாளர்களுக்கு அளித்த அறிவுரை, அவர்களுடைய வேலை அதிகாரம் செலுத்துவதன்று, உதவுவது என்றது. இந்த உறவை முறித்தவர் 1862 விதித்தொகுப்பைக் கொண்டுவந்த ராபர்ட் லோ. அவருடைய விதிப்படி ஆறு வயதைக் கடந்த மாணவனுக்கான தேர்வு மானியம் 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எதில் தவறினாலும் பாடத்துக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். வருகைக்குத் தனி மானியம். பணம் பள்ளி நிர்வாகிகளிடம் போயிற்று. பல பள்ளிகளில் ஆசிரியர் ஊதியமும் அதையொட்டியே அமைந்தது.

இந்தப் பின்னணியோடு வாசித்தால் பதிவேடுகளின் வறண்ட வரிகளுக்கு வேறு பொருள் கிடைக்கிறது. அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வரவில்லை, தட்டம்மை பரவுகிறது, பனியால் வகுப்புகள் காலி என்ற குறிப்புகள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவை வெறும் தகவல்கள் அல்ல. வருகை குறைந்தால் மானியம் குறையும். ஆகவே தட்டம்மை பற்றிய வரி, எழுதியவரின் பிழைப்பைப் பற்றிய வரியும்கூட. அச்சத்தை அச்சமென்று எழுத முடியாதவர் அதைத் தட்பவெப்பத்திலும் நோயிலும் எழுதினார் என்றே நான் வாசிக்கிறேன். (தேர்ச்சிக்கேற்ற மானியம் 1860களிலேயே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ஸ்பெக்‌ஷன் என்றதும் நம் பள்ளிகளில் கிளம்பும் பரபரப்புக்கு வயது அதிகம்.)

இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற மானிய முறை 1890களில் கைவிடப்பட்டது. அதே பத்தாண்டில், 1897இல், தலைமையாசிரியர்களின் தேசியச் சங்கம் உருவானது. முன்னாள் தலைமை ஆய்வாளர் எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் வெளியிட்ட நூலில், அந்த முறை ஆசிரியரையும் மாணவரையும் இயந்திரங்களாக்கியதைக் கடுமையாகச் சாடினார். தானே பங்கேற்ற ஓர் அமைப்பைப் பற்றி அதிகாரி ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியது அரிது.

பிறகு நெடுங்காலம் ஆய்வின் பிடி தளர்ந்திருந்தது. 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளியின் வரவுசெலவைப் பள்ளி ஆட்சிக்குழுவின் வழியாகத் தலைமையாசிரியர் தலையில் வைத்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஆஃப்ஸ்டெட் என்னும் ஆய்வமைப்பை உருவாக்கியது. ஆசிரியர்களின் உணர்வுகளைப் பற்றிய ஆராய்ச்சி இதே ஆண்டுகளில்தான் வலுப்பெறுகிறது. தொடக்கப் பள்ளிப் பணியாளர் உறவுகளைப் பற்றி ஜெனிஃபர் நியாஸ், ஜெஃப் சவுத்வொர்த், ராபின் யோமன்ஸ் மூவரும் எழுதிய நூல் 1989இல் வந்தது. மெகன் கிராஃபோர்டு 2009இல் தலைமைப் பொறுப்பின் உணர்வுகளையே தனி நூலாக்கினார்.

இந்த ஆராய்ச்சிக்குப் பின்புலமாக இருந்த சிந்தனைகளில் ஒன்று ஆர்லி ஹாக்சைல்டு 1983இல் முன்வைத்த ‘உணர்ச்சி உழைப்பு’. விமானப் பணிப்பெண்ணின் புன்னகையையும் நிறுவனம் விலைபேசுகிறது என்பதே அவருடைய கண்டனம். ஆனால் டேனியல் கோல்மேனின் 1995ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு தலைமைப் பயிற்சிகளில் செல்வாக்குப் பெற்றது ‘உணர்வு நுண்ணறிவு’. நிறுவனத்தை நோக்கி எழுப்பிய கேள்வி, தனியாள் கற்க வேண்டிய திறமையாகச் சுருங்கிப்போனது. தலைமையாசிரியர்களுக்கான நலவாழ்வுப் பயிலரங்குகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

நிறுவனம் சுமத்தும் சுமையை அண்மை நிகழ்வு ஒன்று காட்டியது. ரெடிங் நகரின் கேவர்ஷாம் தொடக்கப் பள்ளியில் 2022 நவம்பரில் ஆஃப்ஸ்டெட் ஆய்வு நடந்தது. மிகச் சிறந்த பள்ளி என்றிருந்த தரம் போதாது என்ற நிலைக்கு இறங்கியது. அறிக்கை வெளியாகும் முன்பே, 2023 ஜனவரியில், தலைமையாசிரியை ரூத் பெர்ரி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மரணத்துக்கு ஆய்வும் ஒரு காரணமானது என்று அந்த ஆண்டு டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். ஒற்றைச் சொல் தரத்தின் கொடுமையே பெரிதும் பேசப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது விசாரணையில் எழுந்த மற்றொன்று: அறிக்கை வெளியாகும்வரை முடிவை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. யாரிடமும் சொல்ல முடியாது என்று கருதிய தலைமையாசிரியர் வாரக்கணக்கில் தனியே அதைச் சுமக்க வேண்டியிருந்தது. சக பணியாளரிடமும் மருத்துவரிடமும் குடும்பத்தாரிடமும் சொல்லலாம் என்று ஆஃப்ஸ்டெட் தெளிவுபடுத்தியது அவருடைய மரணத்துக்குப் பிறகே.

2024 ஜனவரியில் ஆய்வுகளைச் சிறிது காலம் நிறுத்தி, ஆய்வாளர்களுக்கு மனநலப் பயிற்சி தந்தார்கள். செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கான ஒற்றைச் சொல் தரம் நீங்கியது. அதற்குப் பதிலாக, பல தலைப்புகளில் தனித்தனியே தரமிடும் அறிக்கை அட்டை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த அட்டை பள்ளித் தலைவர்களின் நலனைப் பாதிக்கும் என்று சொல்லி, 1897இல் தோன்றிய அதே சங்கம் 2025இல் நீதிமன்றப் படியேறியது.