கோத்தா ஸ்டார் உயர்தரப் பாடசாலைகள்

அலோர் ஸ்டார் நகரில் எந்த உயர்தரப் பாடசாலை சிறந்தது என்னும் வினா மெர்கோங் வட்டாரத்துப் பெற்றோரிடையே எழுவதுண்டு. பரீட்சைப் பலன்களைக் காட்டிச் சிலர் விடை பகர்வர். நேயர்களே, பலனைப் பார்க்குமுன், ஒவ்வொரு பாடசாலையின் வாயிலும் யாருக்காகத் திறக்கப்பட்டது எனப் பார்ப்பதன்றோ முறை?

சுல்தான் அப்துல் ஹமீத் கல்லூரி 1908ஆம் ஆண்டில் சர்க்கார் ஆங்கிலப் பாடசாலையாகத் தோன்றிற்று. அக்காலத்தில் கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. 1909இல்தான் பிரிட்டிஷார் வசமாயிற்று. ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னரே ஆங்கிலக் கல்வி வந்துவிட்டது! காலப்போக்கை அறிந்தவர் செய்த காரியம் இது. பின்னாளில் பிரதம மந்திரியான மகாதீர் முகம்மது பயின்றதும் இங்கேதான்.

அதே நகரில் சீனர் 1911இல் கியாட் ஹுவாப் பாடசாலையைத் தொடங்கினர். சர்க்கார் உதவி வேண்டுமாயின் உயர்தரப் பாடசாலைகள் சீன மொழிப் போதனையைக் கைவிட வேண்டுமென்று 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. சீனர் சோர்ந்தாரில்லை. உதவி பெறும் பாடசாலையோடு, தம் பொருளால் நடக்கும் தனியார் பாடசாலையையும் நிலைநிறுத்தினர். கியாட் ஹுவா என்னும் பெயரால் இருவகையும் அங்கே உள்ளன.

நம்மவர்க்கோ தமிழ்க் கல்வி ஆறாம் வகுப்போடு முடிந்தது. தமிழைப் போதனாமொழியாகக் கொண்ட உயர்தரப் பாடசாலை ஒன்றும் எழவில்லை. திருவிழாவுக்கும் தேருக்கும் திரண்ட பொருள் இதற்குத் திரளவில்லை. நாட்கூலி பெற்ற பால்மரத் தொழிலாளிமேல் இப்பழியைச் சுமத்துதல் நியாயமாகாது. நகரத்துத் தனவந்தரும் தோட்டத்துக் கிராணிமாரும் தத்தம் மக்களை ஆங்கிலப் பாடசாலையிற் சேர்த்துவிட்டு அமைந்தனர். கிராணியாகிய யான் இதை எழுதக் கூசுகின்றேன். எனினும் உண்மை அதுவே.

1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் பிரவேசப் பரீட்சை இருந்தது. அதிலே தவறியோர்க்கு உயர்தரப் பாடசாலையின் கதவு அடைபட்டது. 1965இல் அத்தடை நீங்கியும், தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை முதற் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி பயில வேண்டியிருந்தது. மலாய்ப் பாடசாலையில் பயின்ற சமவயதினர் ஒரு படிவம் முந்திச் சென்றனர். கெடாவின் நடுவிலும் தெற்கிலும் உள்ள தோட்டங்களிலிருந்து பட்டணம் செல்லும் பிள்ளைக்கு, அவ்வோராண்டு என்பது பஸ் கட்டணமும் சீருடையும், வீட்டுக்கு வராத ஒரு சம்பளமுமாகும். இடையிலேயே நின்று, தாய்தந்தையரோடு மரம் வெட்டச் சென்றோர் பலர்.

பரீட்சைப் பலன் அட்டவணையில் ஐந்தாம் படிவம் வரை வந்து பரீட்சை எழுதியோரே இடம்பெறுவர். புகுமுக வகுப்பிலேயே நின்றுபோன பிள்ளை எப்பாடசாலையின் கணக்கிலும் வருவதில்லை.